அரை கிராம் தங்கத்துக்குத் துளையிடும் நிறுவனங்களின் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

ஒரு டன் பாறையில் அரை கிராம் தங்கம். நீங்கள் துளையிடப் பணம் ஒதுக்கியிருக்கும் படிவு அநேகமாக இந்தத் தரத்தில்தான் இருக்கும். அந்த அரை கிராமையும் ஒன்றாகத் திரட்டினால் பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் உள்ள சிறு கனசதுரம் ஒன்று கிடைக்கும். அப்படிப்பட்ட பாறை 10 கோடி டன் இருந்தால் உள்ளே 50 டன் தங்கம் இருக்கிறது என்று கணக்கு. டிராய் அவுன்ஸில் சுமார் 16 லட்சம். பாறையை வெட்டி, உடைத்து, மேடாகக் குவித்து, சயனைடுக் கரைசலைச் சொட்டவிட்டு எடுத்தால் கட்டுப்படியாகலாம். ஆனால் கழிவையும் தாதுவையும் பிரிக்கும் எல்லைத்தரம் 0.3 கிராமில் நிற்கும்போது சராசரித் தரம் 0.1 கிராம் பிசகினாலே 10 டன் தங்கம் கணக்கிலிருந்து போய்விடும். ஒரு சுரங்கம் நின்றுபோக அது போதும்.

டன்னுக்கு 10 கிராம் உள்ள ஒடுக்கமான நரம்பில் 0.1 கிராம் பிழையை யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை. உங்கள் படிவில் அந்த 0.1 கிராம்தான் லாபமே. அப்படியிருந்தும் உங்கள் மேசைக்கு வரும் துளையிடல் திட்டங்களில் முதல் வரியில் இருப்பது துளையிடப்போகும் மொத்த மீட்டர், இரண்டாவது வரியில் மீட்டருக்கு என்ன செலவு என்பது. மாதிரி எப்படி எடுக்கப்படும், யார் சரிபார்ப்பார்கள், சரியில்லை என்றால் துளையிடும் இயந்திரமான ரிக்கை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதெல்லாம் பின்னிணைப்பில்கூட இருப்பதில்லை. அந்த வரிசையை மாற்றுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். மீட்டரில் கால் பங்கைக் குறைத்தாவது அந்தப் பணத்தை மாதிரியின் தரத்துக்குத் திருப்புங்கள்.

முதலில் தங்கத்துகளின் அளவு. இதைத் தெரிந்துகொள்ளாமல் வேறு எதையும் முடிவு செய்ய முடியாது. ஆய்வகத்தில் வழக்கமாகச் செய்யும் ஃபயர் அஸ்ஸேயில் 30 கிராம் அல்லது 50 கிராம் பொடியை ஈய ஆக்சைடோடு உருக்கித் தங்கத்தைப் பிரிப்பார்கள். அரை கிராம் தரத்தில் 30 கிராம் பொடிக்குள் இருக்கவேண்டிய தங்கம் 15 மைக்ரோகிராம். 100 மைக்ரான் விட்டமுள்ள ஒரே ஒரு தங்கத்துகள் சுமார் 10 மைக்ரோகிராம் எடை இருக்கும். ஆக, உங்கள் படிவின் தங்கம் எல்லாம் அந்த அளவுத் துகள்களாக இருந்தால், உருக்கும் கிண்ணமான ஒரு மூசைக்குள் போவது சராசரியாக ஒன்றரைத் துகள். ஒன்றரைத் துகள் என்று எதுவும் இல்லை. ஐந்தில் ஒரு தடவைக்கு மேல் ஒரு துகளும் விழாது, முடிவு பூஜ்யம் என்று வரும். ஏறக்குறைய பதினைந்தில் ஒரு தடவை நான்கோ அதற்கு மேலோ விழும், 1.3 கிராமுக்கு மேல் என்று வரும். இரண்டும் ஒரே பாறைதான். அதே தங்கம் 10 மைக்ரான் துகள்களாக இருந்தால் ஒரு மூசைக்குள் ஏறக்குறைய 1,500 துகள்கள் இருக்கும். அப்போது 30 கிராமே தாராளம். அரை மில்லிமீட்டர் துகள் ஒன்று தப்பித்தவறி உள்ளே விழுந்தால் 40 கிராமுக்கு மேல் காட்டும். மறுநாள் செய்தி அறிக்கை தயாராகிவிடும்.

பொடியை இன்னும் நைசாக அரைத்தால் சரியாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. தங்கம் மென்மையான உலோகம். அரைக்கும் கலத்துக்குள் பாறை பொடியாகும். தங்கத்துகள் தட்டையாகும், சுருளும், கலத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு அடுத்த மாதிரிக்குப் போகும். 85 சதவீதம் 75 மைக்ரானுக்குக் கீழே அரைக்கப்பட்டது என்று ஆய்வகச் சான்றிதழில் எழுதியிருப்பது பாறையைப் பற்றிய செய்தி மட்டுமே.

எனவே முதல் சில துளைகள் முடிந்ததும் வேலையைச் சற்று நிறுத்தி, எல்லைத்தரத்தை ஒட்டியவை, சராசரியானவை, உயர்ந்தவை என்று கலந்து முப்பது மாதிரிகளை எடுத்துச் சல்லடைப் பகுப்பாய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ பொடியை 106 மைக்ரான் சல்லடையில் சலித்து, மேலே தங்கியதை முழுவதுமாகவும், கீழே இறங்கியதில் இரண்டு பங்குகளைத் தனித்தனியாகவும் பகுப்பார்கள். மேலே தங்கியதில் தங்கத்தின் பெரும்பங்கு இருந்தால் 30 கிராம் முறை உங்கள் படிவுக்கு ஆகாது. ஒரு கிலோ பொடியைச் சயனைடில் சுழலவிட்டுக் கரைப்பது, அல்லது 500 கிராம் ஜாடியை அப்படியே உயர் ஆற்றல் எக்ஸ் கதிரில் அளக்கும் போட்டான் அஸ்ஸே போன்ற வழிகளுக்குப் போக வேண்டும். இந்த முப்பது மாதிரிகளுக்கு ஆகும் செலவு ஒரு துளையின் செலவுக்குக் கிட்டவும் வராது.

இனி, நாங்கள் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறோம். பெரிய, குறைதரப் படிவுகளில் மீட்டரில் பெரும்பகுதியை ஆர்.சி. எனப்படும் எதிர்சுழற்சித் துளையிடல்தான் தருகிறது. ராடுகள் எனப்படும் இரட்டைச் சுவர்க் குழாய்கள்; இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்று கீழே போய்ப் பாறையை அடித்து உடைக்கும் ஹாமரை இயக்கும்; உடைந்த பாறைத்தூள் அதன் முனையான பிட்டின் முகப்புத் துளைகள் வழியாக உள்குழாய்க்குள் புகுந்து மேலே வந்து, காற்றிலிருந்து தூளைப் பிரிக்கும் சைக்ளோனில் விழும். வேகமானது, மலிவானது, சரியாகச் செய்தால் மிக நல்ல மாதிரி தருவது. சரியாகச் செய்யாவிட்டால் அந்தத் தவறு பொடியிலோ ஆய்வகச் சீட்டிலோ தெரியாது என்பதுதான் ஆபத்து.

140 மில்லிமீட்டர் துளையில் ஒரு மீட்டருக்கு 15.4 லிட்டர் பாறை. அடர்த்தி 2.6 என்றால் 40 கிலோ. ஒவ்வொரு மீட்டரின் முழு மாதிரியையும் எடை போட்டால் போதும், பாதிக் கதை தெரிந்துவிடும். 22 கிலோதான் வந்திருக்கிறது என்றால் மீதி 18 கிலோ பாறை வெடிப்புக்குள் போயிருக்கிறது, ராடுக்கு வெளியே ஏறியிருக்கிறது, அல்லது சைக்ளோன் வாயில் புழுதியாகப் பறந்திருக்கிறது. 55 கிலோ வந்தால் மேலே துளைச்சுவர் சரிந்துகொண்டிருக்கிறது. அந்தப் பையில் இருப்பது அந்த மீட்டரின் பாறை மட்டுமல்ல. மேற்பரப்பின் முதல் சில மீட்டர்களில் காற்று பக்கவாட்டில் கசிந்துவிடும் என்பதால் கேசிங் என்னும் காப்புக் குழாயை இறக்கிச் சுற்றிலும் நன்றாக அடைக்காமல் தொடங்கவே கூடாது. பிட்டுக்கும் அதன் பின்னாலுள்ள உறைவளையத்துக்கும் விட்ட வித்தியாசம் சில மில்லிமீட்டரைத் தாண்டினால் தூள் உள்ளே போகாமல் வெளிச்சுவரை உரசிக்கொண்டு ஏறும். பிட் தேயத் தேய வளையத்தையும் மாற்ற வேண்டும். பல இடங்களில் மாற்றுவதில்லை.

சைக்ளோனுக்கு அடியில் தூளைப் பங்கு பிரிக்கும் கூம்பு ஸ்பிளிட்டர் மட்டமாக நிற்க வேண்டும். ரிக் சற்றே சரிந்தாலும் ஒரு வாய்க்கு அதிகமாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் கொட்டும். இரு வாய்களிலிருந்தும் வரும் பைகளை எடை போட்டு ஒப்பிடுவது ஒரு நிமிட வேலை. பிளாஸ்டிக் குழாயைப் பைக்குள் குத்தி எடுக்கும் மாதிரி, தங்கம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க மட்டுமே உதவும். அதை வள மதிப்பீட்டுக்குள் நுழைய விடாதீர்கள்.

நிலத்தடி நீரைத் தொட்ட பிறகு கதையே வேறு. காற்றழுத்தம் நீரை ஒதுக்கிப் பிட்டின் முகத்தை உலர்வாக வைத்திருக்கும் வரை மாதிரி நம்பத்தக்கது. அழுத்தம் போதாத கணத்தில் தூள் சேறாகிறது. நைசான களிமண்ணும் அதோடு நுண்ணிய தங்கமும் வழிந்தோடும் நீரில் போகின்றன. கனமான துகள்கள் துளையின் அடியில் தங்கி அடுத்தடுத்த மீட்டர்களோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வருகின்றன. தங்கம் உள்ள பகுதி காகிதத்தில் கீழ்நோக்கி நீள்கிறது. 12 மீட்டர் தாது 30 மீட்டராகிறது. இது ஏமாற்றல்ல, யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதல்ல. ஆனால் முடிவு ஒன்றுதான்.

கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. ராடு 6 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராடு மாற்றும்போது காற்று நிற்கும், நீர் ஏறும், சுவரில் உள்ளதெல்லாம் கீழே இறங்கும். ராடு மாற்றியபின் வரும் முதல் மீட்டர், இரண்டாவது, மூன்றாவது என்று ஆறு குழுக்களாக எல்லாத் துளைகளின் தரத்தையும் பிரித்துச் சராசரி எடுங்கள். பாறைக்கு ராடின் நீளம் தெரியாது. ஆறு சராசரிகளும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். முதல் மீட்டர் உயர்ந்தும் பின் படிப்படியாகக் குறைந்தும் வந்தால் மாதிரி கலப்படமாகிறது. ஒரு சாதாரண விரிதாளில் அரைமணி நேர வேலை. உயர்தர மீட்டருக்கு அடியில் தரம் வால்போல் மெல்லக் குறைந்துகொண்டே போவதும் இதே நோயின் அறிகுறிதான். அந்த மாதிரித் துளைகளுக்கு 3 முதல் 5 மீட்டர் தள்ளி, வைரப் பிட்டால் பாறையைக் கோர் எனப்படும் உருளையாக வெட்டியெடுக்கும் வைரத்துளை ஒன்று போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தீர்வும் தெரிந்ததுதான். ராடு மாற்றும்போதும் ஒவ்வொரு மீட்டர் முடிவிலும் பிட்டைச் சற்றே தூக்கி, துளை சுத்தமாகும்வரை காற்றை ஊதிவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டும். காற்றழுத்தத்தைக் கூட்டும் துணைக் கம்ப்ரெஸரும் பூஸ்டரும் ரிக்கோடு வர வேண்டும். அப்படியும் மூன்று மீட்டர் தொடர்ச்சியாக ஈரமாக வந்தால் ஆர்.சி.யை நிறுத்தி, அதே துளையை வைரப் பிட்டால் தொடர வேண்டும். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு இதை எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஊதிச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு நிமிடமும் ரிக் குழுவுக்கு நஷ்டம் என்றால் அவர்கள் ஊத மாட்டார்கள். சுத்தம் செய்யும் நேரத்துக்கும், நிலவியலாளர் நிறுத்தச் சொன்ன நேரத்துக்கும் மணிக்கணக்கில் தனிக்கூலி தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நாங்கள் கேட்பவற்றில் மிகமிக முக்கியமானது இந்த ஒரு பிரிவுதான்.

வைரத்துளையிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. எச்.க்யூ. என்ற துளை அளவில் 63.5 மில்லிமீட்டர் கோர் கிடைக்கும்; ஒரு மீட்டருக்கு 8 கிலோ, அதில் பாதியை வெட்டி அனுப்பினால் 4 கிலோ. என்.க்யூ. அளவில் பாதிக் கோர் 2.3 கிலோதான், பருமனான தங்கத்துக்குப் போதாது. தங்கம் நொறுங்கிய, களிமண் படிந்த வெடிப்புகளில் இருந்தால் துளையிடும் நீரே அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். 95 சதவீதம் கோர் கிடைத்தது என்பது நல்ல எண்தான். ஆனால் கிடைக்காத 5 சதவீதம் எங்கே என்று பாருங்கள். பெரும்பாலும் தாது இருக்கும் இடத்திலேயே இருக்கும். அங்கே கோர் கலையாமல் காக்கும் மூன்றடுக்குக் குழாய் போட்டு, ஒரு தடவைக்குக் குறைந்த நீளமாக எடுக்க வேண்டும். ரம்பத்தால் அறுக்கும்போதும் நீர் அதையே செய்யும். நொறுங்கிய பகுதியைச் சுற்றி ஒட்டிக் கட்டியபின் அறுக்கலாம்.

மீதிப் பாதிக் கோர் பெட்டியில் இருக்க வேண்டும், அது கட்டாயம். இந்தோனேசியாவின் போர்னியோவில் பூசாங் என்ற இடத்தில் பிரி-எக்ஸ் நிறுவனம் கோரைப் பிளக்காமல் முழுவதையும் நொறுக்கி அனுப்பியது. மாதிரிகளில் வெளியிலிருந்து கொண்டுவந்த தங்கத்துகள்கள் கலக்கப்பட்டிருந்தன. 1997-இல் ஃப்ரீபோர்ட்-மெக்மோரான் நிறுவனம் பழைய துளைகளுக்குப் பக்கத்திலேயே துளையிட்டுப் பார்த்தபோது சொல்லத்தக்க தங்கம் எதுவும் இல்லை. சுரங்க நிறுவனங்கள் தங்கள் கனிம வளத்தை எப்படி வெளியிட வேண்டும் என்று வகுக்கும் கனடாவின் 43-101 விதிமுறை 2001-இல் வந்ததற்கு அந்த ஊழல் ஒரு முக்கியக் காரணம். பெட்டியில் பாதிக் கோர் இருந்திருந்தால் யார் வேண்டுமானாலும் எப்போதோ சோதித்திருக்கலாம்.

ஆய்வகத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு இருபது மாதிரிக்கும் தரம் முன்பே தெரிந்த ஒரு தரநிர்ணய மாதிரி, தங்கமில்லாத ஒரு வெற்றுப்பாறை, ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்த ஒரு இரட்டை என்பது பரவலான வழக்கம். அதில் இரண்டு திருத்தங்கள் மட்டும் சொல்கிறோம். தரநிர்ணய மாதிரிகள் 5 கிராம், 8 கிராம் என்று இருந்து பயனில்லை. உங்கள் எல்லைத்தரமான 0.3, சராசரியான 0.5, அதற்கு மேல் 1 முதல் 1.5 என்று இருக்க வேண்டும். வெற்றுப்பாறை பொடியாக இல்லாமல் கற்களாக இருக்க வேண்டும். நொறுக்கும் இயந்திரத்தின் அழுக்கை அதுதான் காட்டிக்கொடுக்கும். முடிவு வந்த அன்றே ஒருவர் பார்த்து, தவறியிருந்தால் அந்தத் தொகுதியை மறுபடி செய்யச் சொல்ல வேண்டும். ஆண்டிறுதியில் வரைபடம் போட்டுப் பார்ப்பதால் ஆவது ஒன்றுமில்லை.

துளையின் திசை பற்றிச் சுருக்கமாக: 70 பாகை சாய்ந்த நரம்புத் தொகுதியில் செங்குத்தாகத் துளையிட்டால் 10 மீட்டர் தாது என்று வருவதன் உண்மைத் தடிமன் 3.4 மீட்டர். சாய்வுத்துளை கொஞ்சம் செலவு கூட, அவ்வளவுதான். ஆழத்தில் துளை வளையும், எனவே 30 மீட்டருக்கு ஒருமுறையாவது காந்தத்தைச் சாராத கைரோ கருவியால் அளக்க வேண்டும். மேக்னடைட் உள்ள பாறையில் காந்தத் திசைகாட்டி பொய் சொல்லும். 100 மீட்டர் வலையில் முழு இடத்தையும் நிரப்புவதற்கு முன்பே ஒரே ஒரு இடத்தில் 10 மீட்டர் இடைவெளியில் சிலுவை வடிவில் சில துளைகள் போடுங்கள். தரம் எத்தனை மீட்டருக்குள் மாறுகிறது என்பது அதில் தெரியும். மற்ற இடங்களில் எவ்வளவு நெருக்கமாகத் துளையிட வேண்டும் என்பதை அதன்பின் அறிவோடு முடிவு செய்யலாம்.

அடர்த்தியை யாரும் கண்டுகொள்வதில்லை. சிதைந்த ஆக்சைடுப் பாறை 2.0 இருக்கலாம், அடியிலுள்ள புதுப்பாறை 2.7. எல்லாவற்றுக்கும் 2.6 என்று போட்டுவிட்டால் ஆக்சைடு மண்டலத்தின் டன் கணக்கு 30 சதவீதம் மிகும். தங்கமும் அதே அளவு மிகும். கோரை உலர்த்தி, மெழுகு பூசி, காற்றிலும் நீரிலும் எடை போட வேண்டும். ஆர்.சி. தூளில் இதை அளக்கவே முடியாது. மொத்த மீட்டரில் ஐந்தில் ஒரு பங்காவது கோராக இருக்கட்டும் என்று நாங்கள் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம், தங்கம் இருப்பது வேறு, கரைந்து வருவது வேறு. நெவாடாவின் கார்லினில் 1965-இல் உற்பத்தி தொடங்கிய படிவில் தங்கம் கண்ணுக்கே தெரியாது. ஆர்சனிக் கலந்த பைரைட்டுக்குள் நுண்துகளாகக் கலந்திருக்கும் வகை அது. மாதிரியெடுக்க அருமையான தங்கம். ஆனால் பைரைட் ஆக்சிகரணமாகாத ஆழத்தில் சயனைடு அதைத் தொட முடியாது. பாறையில் கரிமம் இருந்தால் கரைந்த தங்கத்தையும் அது திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஃபயர் அஸ்ஸேயில் 0.50 காட்டும் இரண்டு மீட்டர்களில் ஒன்று சயனைடில் 0.42 கரையும், இன்னொன்று 0.12 மட்டும் கரையும். உங்கள் வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே நிறம். எல்லைத்தரத்துக்கு மேலுள்ள ஒவ்வொரு மாதிரியிலும் சயனைடில் கரையும் தங்கத்தையும் முதல் துளையிலிருந்தே அளந்து, இரண்டின் விகிதத்தை வரைபடத்தில் ஏற்றுங்கள். அது அரைத்த பொடியில் செய்யும் சோதனை. குவியலில் கிடக்கும் உடைகல் அவ்வளவு தராது. அதை அறிய 85 மில்லிமீட்டர் பி.க்யூ. கோரை உடைத்து உயரமான குழாயில் நிரப்பிச் சயனைடைச் சொட்டவிடும் நெடுங்குழாய்ச் சோதனை செய்ய வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். எனவே முன்பே தொடங்க வேண்டும்.

அறிக்கை வெளியிடும்போது ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். "100 மீட்டருக்கு 0.8 கிராம்" என்ற வரிக்குள் 60 கிராம் காட்டிய ஒரே ஒரு மீட்டர் இருந்தால், மீதி 99 மீட்டரின் சராசரி 0.2. அது கழிவு. அந்த ஒரு மீட்டரைத் தனியாகச் சொல்லாமல் வெளியிடும் அறிக்கை பொய்யான எண் எதையும் சொல்லவில்லை. ஆனாலும் அதை நம்பிப் பணம் போடுபவர் ஏமாறுகிறார். மிக உயர்ந்த முடிவுகளை ஒரு வரம்புக்குக் குறைக்கும் உயர்தர வெட்டு போட்டும் போடாமலும் இரண்டு எண்களையும் கொடுங்கள்.

தொழிலாளர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆர்.சி. புழுதியில் சிலிக்கா இருக்கிறது. சிலிக்கோசிஸ் வந்தால் குணப்படுத்த மருந்தில்லை. புழுதியை அடக்கக் காற்றோடு நீரைச் செலுத்துவது சுலபமான வழி, ஆனால் அது மாதிரியைக் கெடுக்கும். அதனால் பல இடங்களில் நீரும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. சைக்ளோனின் காற்று வெளியேறும் வாயில் தூசி சேகரிப்பானைப் பொருத்துங்கள். ஸ்பிளிட்டர் அருகே நிற்பவருக்கு முகத்தில் சரியாகப் பொருந்தும் வடிகட்டி முகமூடி கொடுங்கள், துணி முகமூடி அல்ல. சேகரிப்பானில் சேரும் தூசியை எடை போட்டு அதையும் பகுப்பாய்வுக்கு அனுப்புங்கள். அதில் தங்கம் செறிந்திருந்தால் உங்கள் மாதிரிகள் தரத்தைக் குறைத்துக் காட்டுகின்றன என்று பொருள்.

நிலமும் நீரும்: முதல் ரிக் வருவதற்கு முன்பே சுற்றியுள்ள கிணறுகள், ஓடைகளின் நீரை எடுத்துப் பகுத்து வைக்க வேண்டும். ஆர்சனிக் இயற்கையாகவே இருந்ததா, துளையிட்ட பிறகு வந்ததா என்ற கேள்விக்குப் பின்னால் யாராலும் பதில் சொல்ல முடியாது. மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைக்க வேண்டும். மூடாத துளை ஒரு நீர்மட்டத்தையும் இன்னொன்றையும் இணைத்துவிடும்; சல்ஃபைடு பாறைக்குள் காற்றை இறக்கும்; மாடும் குழந்தையும் கால் வைக்கும். சிமெண்டுக் கலவையை மேலிருந்து கொட்டினால் நடுவே அடைத்துக்கொண்டு அடியில் வெற்றிடம் நிற்கும். குழாயை அடிவரை இறக்கிக் கீழிருந்து மேலாக நிரப்பி, கேசிங்கைத் தரைக்குக் கீழே வெட்டி, மேல்மண் போட வேண்டும். இதற்கான தொகையைத் துளையின் விலைக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். மூடிய துளைக்கு மட்டுமே முழுக்கூலி என்று எழுதுங்கள்.

அடுத்த இயக்குநர் குழுக் கூட்டத்தில் துளையிடல் திட்டம் ஒப்புதலுக்கு வரும்போது, மீட்டருக்கு முன்னால் நான்கு காகிதங்களைக் கேளுங்கள்: முப்பது மாதிரிகளின் சல்லடைப் பகுப்பாய்வு, மீட்டர்வாரியான எடைப் பட்டியல், ராடு நிலைவாரியான தரச் சராசரி, சயனைடு விகித வரைபடம். முதல் கட்டத்துக்கே இவை இல்லை என்றால், இரண்டாம் கட்டத்துக்குக் கையெழுத்திடுவதை அவை வரும்வரை தள்ளிவையுங்கள்.

இப்படிக்கு,
துளையிடலிலும் மாதிரியெடுப்பிலும் பகுப்பாய்விலும் பணிபுரியும் நிலவியலாளர்கள்